வளைய மறுக்கும் சிவப்பணு

ஒரு சிவப்பணுவின் அகலம் ஏறத்தாழ 8 மைக்ரான். அது நுழைந்து போகவேண்டிய தந்துகிகள் பலவற்றின் அகலமோ 5 மைக்ரான்தான். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அது உடலை ஒடுக்கி நீண்டு நுழைகிறது. மறுபக்கம் வந்ததும் நடுவில் பள்ளம் விழுந்த பழைய வட்டமாகிவிடுகிறது. முக்கால்வாசி தண்ணீர் அடைத்துக் கட்டிய பைபோல, உள்ளிருக்கும் சரக்கைவிடச் சவ்வு தாராளமாக இருப்பதால் எப்படி நசுக்கினாலும் கிழிவதில்லை. உட்கருவைக்கூட வெளியேற்றிவிட்டு, சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளைச் சுமந்தபடி 120 நாள் ஓடுகிறது.

இந்த நெகிழ்வு போனால் என்ன ஆகும் என்பதற்கு அரிவாள் செல் சோகையைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

ஹீமோகுளோபினில் ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு என நான்கு புரதச் சங்கிலிகள். பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது இடத்தில் இருக்கவேண்டியது தண்ணீரோடு இணங்கும் குளுட்டாமிக் அமிலம். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அங்கே தண்ணீரை ஒதுக்கும் வேலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் ஏற்றியிருக்கும்வரை கேடு தெரியாது. ஆக்சிஜனைத் திசுக்களில் இறக்கியதும் மூலக்கூறின் வடிவம் சற்றே மாற, அந்த வேலின் பக்கத்து மூலக்கூறின் குழி ஒன்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. அது அடுத்ததோடு, அடுத்தது அதற்கடுத்ததோடு. விறைத்த நார்கள் வளர்ந்து, செல்லை உள்ளிருந்தே அரிவாளாக இழுத்துவிடுகின்றன.

என்னை மிகவும் வியக்கவைப்பது இதிலுள்ள தாமதம். நார் உருவாகச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் செல் தந்துகியைத் தாண்டி நுரையீரலுக்குத் திரும்பிவிட்டால் தப்பித்தது. செல்லுக்குள் தண்ணீர் குறைந்து ஹீமோகுளோபின் கொஞ்சம் நெருக்கமானால் போதும், அந்த அவகாசம் பல மடங்கு சுருங்கிவிடும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், குளிரில் நிற்காதீர்கள், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்று மருத்துவர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

தப்பாத செல்கள் குறுகிய குழாயை அடைக்கின்றன. கைக்குழந்தைகளுக்குக் கையும் காலும் வீங்கும். பெரியவர்களுக்கு எலும்புக்குள் தாங்கமுடியாத வலி. வெளியே காயமில்லை என்பதற்காக அந்த வலியைச் சந்தேகிப்பது பெரும் கொடுமை. மண்ணீரல் சிறுவயதிலேயே செயலிழப்பதால் கிருமித்தொற்று எளிதில் உயிருக்கு உலைவைக்கும். திரும்பத் திரும்ப வளைந்து நைந்த செல்கள் 10 முதல் 20 நாளில் உடைந்துவிடுகின்றன. எலும்பு மஜ்ஜையால் ஈடுகொடுக்க முடியாமல் சோகை. உடைந்த சிவப்பணுக்களின் கழிவால் கண்ணில் மஞ்சள்.

1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இந்த வளைந்த செல்களைப் பற்றி எழுதினார். கோளாறு ஹீமோகுளோபினில்தான் என்று 1949இல் லைனஸ் பாலிங் குழு காட்டியது. 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்தக் கோளாறு இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் அறிவித்தார்கள். மாறிய மரபணு ஒன்று மட்டும் இருப்பவர்கள் பொதுவாக நலமாகவே வாழ்வார்கள்; கடும் மலேரியாவிலிருந்து அவர்களுக்குப் பாதுகாப்பும் உண்டு. மலேரியா நிலவிய பகுதிகளில் இந்த மரபணு நிலைத்துவிட்டதன் காரணம் அதுவே. ஆனால் கணவன், மனைவி இருவருமே அப்படி இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

பிறந்து சில மாதங்கள்வரை குழந்தைக்கு நோய் தெரியாது. கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலியே கிடையாது. அது நார் பின்னுவதைத் தடுக்கும். இன்றைய சிகிச்சைகள் சில பற்றிக்கொண்ட நூல் இதுதான். 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்கெவி என்ற சிகிச்சை, நோயாளியின் ஸ்டெம் செல்களில் மரபணுவைத் திருத்தி அந்தக் கரு ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கவைக்கிறது. அதன் விலையோ பல கோடி ரூபாய். ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய மருந்தும் அதே ஹீமோகுளோபினைக் கூட்டி, பலருக்கு வலி வரும் தடவைகளைக் குறைக்கிறது. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து அளவு பார்த்துத் தினமும் சாப்பிடவேண்டிய மருந்து அது. மலைக்கிராமத்துக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது ஒருநாளும் தீர்ந்துபோகக் கூடாது.