அந்நிய நகரில் மாணவர் தலைமை: மேற்காபிரிக்க மாணவர் சங்கம் பற்றிய ஒரு நோக்கு

பிறநாட்டு மாணவரின் நலன் பற்றிப் பேசும்பொழுது அவர்களை உதவி பெறுவோராக மட்டுமே கருதுவது பல்கலைக்கழக உலகில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்காகும். அவர்களுக்கு உறையுள் வேண்டும், உணவு வேண்டும், வழிகாட்டல் வேண்டும் என்பன எவரும் மறுக்காத உண்மைகள். ஆயின், அவ்வுதவியை யார் நடத்துவது, அதன் நோக்கத்தை யார் வகுப்பது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இவ்வினாவைத் தெளிவாக எழுப்பியதோடு தம் செயலாலேயே அதற்கு விடையும் கூற முயன்றவர்கள் இலண்டனில் வாழ்ந்த மேற்காபிரிக்க மாணவர்கள். அவர்கள் 1925ஆம் ஆண்டில் அமைத்த சங்கத்தின் வரலாறு இவ்வகையில் நமது கவனத்திற்குரியது.

அக்காலத்தில் நைஜீரியா, கோல்ட் கோஸ்ட், சியராலியோன், காம்பியா ஆகிய நான்கும் மேற்காபிரிக்காவில் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்தன. பிறீடவுண் நகரில் 1827இல் தோன்றிய பூராபே கல்லூரி இருந்ததேனும், சட்டத்தரணியாக விரும்பியோர் இலண்டனுக்குச் செல்ல வேண்டியிருந்தது. பேரரசின் தலைநகரில் அவர்கள் எதிர்கொண்டதோ நிறத்தடை. வாடகைக்கு அறை தேடிச் சென்றவர்கள் தோலின் நிறம் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1924இல் வெம்பிளியில் நடைபெற்ற பேரரசுக் கண்காட்சியையொட்டிச் சில பத்திரிகைகள் ஆபிரிக்கரை நாகரிகமற்றோராகச் சித்திரித்தபொழுது, அதனைக் கண்டித்து எழுதினார் லடிப்போ சொலங்கே என்னும் நைஜீரியச் சட்ட மாணவர். உறையுளின்மையும் இழித்துரைக்கப்படுதலும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

இப்பின்னணியிலேயே 1925 ஓகஸ்ட் 7ஆம் நாள் மேற்காபிரிக்க மாணவர் சங்கம் நிறுவப்பட்டது. சொலங்கேயுடன், சியராலியோனைச் சேர்ந்த மருத்துவரும் அரசியல்வாதியுமான பாங்கோலே பிறைற் இம்முயற்சியில் முன்னின்றார். கோல்ட் கோஸ்டைச் சேர்ந்த ஜே. பி. டங்குவா முதல் தலைவரானார். ஒவ்வொரு குடியேற்ற நாட்டின் பெயராலும் தனித்தனியே இயங்காது நான்கு நாட்டினரும் ஒரு பெயரின் கீழ் ஒன்றுகூடினர் என்பது மனங்கொளத்தக்கது. மொழியாலும் மதத்தாலும் குலமரபாலும் வேறுபட்ட மக்களிடையே பிறர் வகுத்த எல்லைகளே நிலவிய காலம் அது. 1926 முதல் வெளிவந்த சங்க இதழுக்கு, சங்கப் பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களாலான ‘வாசு’ என்பதே பெயராயிற்று. யோருபா மொழியில் அச்சொல்லுக்குப் போதித்தல் என்னும் பொருளும் உண்டு.

சங்கத்தின் முதன்மையான குறிக்கோள்களுள் ஒன்று மாணவருக்கென ஒரு விடுதி. அதற்கான நிதியைத் திரட்டுவதற்காக 1929 முதல் 1932 வரை மேற்காபிரிக்க நகரங்கள்தோறும் சுற்றுப்பயணம் செய்தார் சொலங்கே. சென்ற இடங்களில் சங்கக் கிளைகள் தோன்றின. வணிகரும் குலத்தலைவரும் கற்றோரும் பொருளுதவினர். ஆகவே, 1933இல் இலண்டன் கம்டன் வீதியில் திறக்கப்பட்ட விடுதி, தாயக மக்களின் கொடையால் எழுந்த வீடாக விளங்கியது. ஊர்ச் சுவையில் உணவும், தயக்கமின்றி உரையாட ஓர் அவையும், புதிதாக வந்தோருக்கு அறிமுகமான முகங்களும் அங்கு கிடைத்தன. விடுதியைப் பேணுவதில் பெரும் பங்கேற்ற சொலங்கேயின் துணைவியார் ஒப்பியோலுவை மாணவர்கள் ‘வாசுவின் அன்னை’ எனப் போற்றினர். சங்கங்களின் வரலாற்றை எழுதுவோர் தீர்மானங்களை நினைவுகூருமளவிற்கு அடுக்களையை நினைவுகூருவதில்லை. ஆனால் பல இனத்தவரை ஒரே பந்தியில் அமரவைத்தது அவ்வடுக்களையே.

மறுபுறம், 1934இல் குடியேற்ற நாட்டு அமைச்சின் ஆதரவுடன் ‘அக்றி இல்லம்’ என்னும் வேறொரு விடுதி திறக்கப்பட்டது. மாணவர் தீவிரவாதக் கருத்துக்களின் செல்வாக்கிற்கு உட்படாது காப்பது அதன் உள்நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. சங்கம் இதனைக் கடுமையாக எதிர்த்தது. வசதியான விடுதியொன்றை மாணவரே ஏன் எதிர்க்க வேண்டும் என்று வினவுதல் இயல்பே. அவர்கள் எதிர்த்தது கூரையையன்று. அக்கூரையின் கீழ் எதனைப் பேசலாம், யாரோடு பழகலாம் என்பதைப் பிறர் தீர்மானிக்கும் நிலையையே எதிர்த்தனர். எனினும் மாணவர் அனைவரும் இதில் ஒருமித்திருக்கவில்லை. அக்றி இல்லத்தை ஆதரித்தோரும் இருந்தனர். அங்கு தங்கியோரின் அரசியல் ஈடுபாடு பொறுப்பாளருக்கு உவப்பாக அமையாத நிலையில், 1940இல் அவ்வில்லம் மூடப்பட்டது. மேலிருந்து வழங்கப்படும் உதவி, வழங்குவோரின் மனம் மாறும்பொழுது மறைந்துவிடும் என்பதற்கு இது தக்க சான்று. அதேவேளை, 1938இல் கம்டன் சதுக்கத்தில் பெரியதொரு வீட்டிற்கு இடம்பெயர்ந்த சங்கமும் அரசின் உதவியை நாட நேர்ந்தது. தன்னாட்சிக்கும் பணத்தேவைக்கும் இடையிலான இம்முரண்பாட்டிலிருந்து அது முற்றாக விடுபடவேயில்லை.

உறையுள் தேடித் தொடங்கிய பயணம் அரசியலுக்கு இட்டுச் சென்றது தற்செயலன்று. 1941 ஓகஸ்டில் அத்திலாந்திக் சாசனம் வெளியானபொழுது, போர்க்கால அமைச்சரவையைச் சேர்ந்த கிளெமென்ற் அற்லி இச்சங்கத்தின் கூட்டத்திலேயே அதன் கோட்பாடுகள் எல்லா இன மக்களுக்கும் உரியன என்ற கருத்தை வெளியிட்டார். அடுத்த மாதமே பிரதமர் சேர்ச்சில், நாசிகளின் பிடியிலிருந்த ஐரோப்பிய நாடுகளையே அச்சாசனம் முதன்மையாகக் கருதிற்று என நாடாளுமன்றத்தில் விளக்கம் கூறினார். 1942இல் சங்கம், உள்நாட்டுத் தன்னாட்சி உடனடியாக வேண்டுமெனவும், போர் முடிந்து 5 ஆண்டுகளுள் முழு விடுதலை வேண்டுமெனவும் கோரியது. அறை மறுக்கப்பட்டதன் காரணத்தைத் தேடியவர்கள் நாடு மறுக்கப்பட்டதில் அக்காரணத்தைக் கண்டனர்.

இச்சங்கத்தின் குறைபாடுகளையும் நாம் மறைத்தல் தகாது. அதன் உறுப்பினருட் பெரும்பாலோர் வசதி படைத்த குடும்பத்தினர். உழைக்கும் மக்களின் குரல் அங்கு நேரடியாக ஒலிக்கவில்லை. விடுதலை நெருங்கிய 1950களில் நாட்டுவாரியான மாணவர் அமைப்புகள் வலுப்பெற, பிராந்திய ஒருமைப்பாடு தளர்ந்தது. 1958இல் சொலங்கே மறைந்தார். சங்கத்தின் முதல் தலைவரான டங்குவா, பின்னாளில் அதன் துணைத் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய குவாமே நிக்ருமாவின் ஆட்சியில் தடுத்துவைக்கப்பட்டு, 1965இல் சிறையிலேயே உயிர்நீத்தார். ஒரே சங்கத்தில் வளர்ந்தோரிடையேயும் வேறுபாட்டைப் பொறுக்கும் பண்பு தானாகவே வேரூன்றி நிலைப்பதில்லை என்பதை இத்துயர நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இன்று பல பல்கலைக்கழகங்கள் பிறநாட்டு மாணவருக்கெனத் தனி அலுவலகங்களை நடத்துகின்றன. பண்பாட்டு விழாக்களும் இடம்பெறுகின்றன. இவை வரவேற்கத்தக்கனவே. ஆயினும் ஆண்டுக்கொருமுறை ஆடலும் பாடலும் நிகழ்த்த அழைக்கப்படும் மாணவர், அறை வாடகையும் கட்டணமும் தீர்மானிக்கப்படும் அவையில் அமர்வதற்கும் அழைக்கப்படுகின்றனரா என்பதே உரைகல்லாகும். தம் கொடையாளரைத் தாமே தேடி, தம் வீட்டைத் தாமே நடத்தி, அதன் இடர்களையும் தாமே சுமந்த அம்மாணவரின் அனுபவம் இவ்வினாவையே நம்முன் வைக்கின்றது.