பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புதல்: ஊர் திரும்பிய குடும்பங்கள் அறிய வேண்டியவை

உயர்தரப் பரீட்சையில் போதிய புள்ளி எடுத்த பிள்ளைகள் சிலர் பல்கலைக்கழகம் போகாமலே நின்றுவிடுகிறார்கள். விண்ணப்ப முடிவுத் திகதி தவறிவிடுகிறது. ஒரு பத்திரம் கையில் இல்லை. அல்லது, "அவ்வளவு காசுக்கு எங்கே போவது" என்று வீட்டில் பயந்துவிடுகிறார்கள். இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பத்துக்கு இந்த மூன்றும் ஒன்றாகவே வரலாம். மூன்றுக்கும் வழி உண்டு.

தெரிவு எப்படி நடக்கிறது?

தெரிவு செய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் வேண்டும். அதன்பின் இசட் புள்ளி பார்க்கப்படும். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகும். மட்டக்களப்பு அந்தப் பதினாறில் ஒன்று.

பிள்ளையின் மாவட்டத்தைத் தீர்மானிக்கப் படித்த பாடசாலையின் பதிவு பார்க்கப்படும். ஆகவே இடம்பெயர்ந்த காலத்தில் வேறு மாவட்டத்தில் படித்திருந்தால், அந்தப் பாடசாலையின் விடுகைப் பத்திரத்தை இப்போதே எடுத்து வையுங்கள்.

பாடநெறிகளை எழுதும் ஒழுங்கும் முக்கியம். புள்ளி இடங்கொடுக்கும் பாடநெறிகளில் எது பட்டியலில் மேலே இருக்கிறதோ, அதுவே கிடைக்கும். ஆணைக்குழுவின் கைந்நூலை வைத்துக்கொண்டு, உயர்தர ஆசிரியரோடு இருந்து நிரப்புங்கள்.

பத்திரங்கள்

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்திருந்தால், பிறப்புப் பதிவான பகுதியின் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். அடையாள அட்டைக்குக் கிராம சேவை உத்தியோகத்தரிடம் போங்கள். பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களம் மீண்டும் வழங்கும். அதற்குப் பரீட்சைச் சுட்டெண் வேண்டும். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து, மழை படாத உறையில் வையுங்கள்.

செலவு

அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரிப் பட்டப் படிப்புக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. இடம் வாங்கித் தருவதாகக் காசு கேட்பவரை நம்ப வேண்டாம். இடத்தை யாராலும் விற்க முடியாது. வள்ளத்தையோ வயலையோ நகையையோ விற்க முன்னர், உண்மையில் எவ்வளவு தேவை என்று கணக்குப் பாருங்கள்: பதிவுப் பணம், தங்குமிடம், சாப்பாடு, பஸ் காசு, புத்தகம், நிழற்பிரதி.

மகாபொல புலமைப்பரிசிலும் மாணவர் உதவிப்பணமும் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கிடைக்கும். இவை தானாக வருவதில்லை, விண்ணப்பிக்க வேண்டும். வருமானத்தைக் கிராம சேவை உத்தியோகத்தர் உறுதிப்படுத்த, பிரதேச செயலாளர் ஒப்பமிடுவார். இடம்பெயர முன்னர் இருந்த வருமானத்தை அல்ல, இன்றைய வருமானத்தைப் பதியும்படி கேளுங்கள். முதல் தவணை வரச் சில மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களுக்கு மட்டும் கையில் கொஞ்சம் வேண்டும்.

அங்கே வாழ்க்கை

கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமானது. இசை, நடனம், நாடகம், ஓவியம் படிப்போருக்குக் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. எழுவான்கரைப் பிள்ளை வீட்டிலிருந்தே போய்வர முடியலாம். மண்டூரிலிருந்து குருமண்வெளித் துறையில் பாதையேறிக் களுவாஞ்சிகுடி வந்து பஸ் பிடிக்கும் பிள்ளைக்கு அது கஷ்டம். விடுதிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தூரத்தையும் பயண நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

விஞ்ஞானம், விவசாயம் போன்றவை ஆங்கிலத்தில் நடக்கும். ஆரம்பத்தில் தடுமாறுவது வழமை. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பிள்ளை அதைச் சொன்னால் "பொறுத்துக்கொள்" என்று விடாமல், மாணவ ஆலோசகரிடம் முறையிடுங்கள்.

பெண் பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கும் பெற்றோர், பதிவு நாளன்று கூடவே போய் விடுதியைப் பார்த்து, பொறுப்பாளரோடு கதைத்து வரலாம்.

இடம் கிடைக்காவிட்டால்

தாழங்குடா தேசிய கல்வியியற் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி, உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் ஆகியவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். அவற்றின் முடிவுத் திகதிகள் வேறு.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது ஒன்று: பிள்ளையின் பத்திரங்களை மேசையில் பரப்பி, இல்லாததை எழுதி, அந்தத் துண்டோடு அதிபரைச் சந்தியுங்கள்.