ஆப்பை அழித்தாலும் பணம் போகும்! பார்க்காத சேனல், ஓ.டி.டி. சந்தாவை நிறுத்துவது எப்படி?

நெல்லை:

மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அதில் 10 ரூபாய் குறைந்தாலே வீட்டில் பேச்சு வரும். ஆனால் அதே வீட்டில் யாருமே பார்க்காத சினிமா ஆப்புக்கு மாதா மாதம் 99 ரூபாய் போய்க்கொண்டு இருக்கும். கேட்டால், "அந்த ஆப்பை எப்பவோ அழிச்சாச்சே" என்பார்கள்.

அங்கேதான் சிக்கல். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது.

மாதம் ரூ.99 என்றால் வருஷத்துக்கு ரூ.1,188. ரூ.149 என்றால் ரூ.1,788. இப்படி இரண்டு ஆப் இருந்தால் வருஷத்துக்கு ரூ.2,976 காலி.

பணம் போவது எப்படி?

கிரிக்கெட் மேட்ச் பார்க்க பிள்ளைகள் ஆப்பை இறக்குவார்கள். "முதல் மாதம் 1 ரூபாய்" என்று வரும். யு.பி.ஐ. பின் நம்பரைப் போட்டதும் 'ஆட்டோபே' பதிவாகிவிடும். 2020 ஜூலையில் அறிமுகமான இந்த முறையில், ஒரு தடவை சம்மதம் கொடுத்தால் போதும். அடுத்த மாதத்தில் இருந்து பணம் தானாகவே போகும். சம்மதம் பதிவாகி இருப்பது வங்கிக் கணக்கில், ஆப்பில் அல்ல. அதனால் போனையே மாற்றினாலும் பணம் பிடிப்பது நிற்காது.

"கணக்கில்தான் பணமே இல்லையே" என்று அலட்சியமாக இருப்பதும் ஆபத்து. வங்கி மேண்டேட் பணம் இல்லாமல் திரும்பினால் பல வங்கிகள் அதற்கு தனி அபராதம் பிடிக்கின்றன.

நிறுத்துவது எப்படி?

* பணம் அனுப்பும் யு.பி.ஐ. ஆப்பைத் திறந்து, 'ஆட்டோபே' என்ற பகுதிக்குப் போக வேண்டும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம்.

* ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் வழியாக சேர்ந்திருந்தால், அதில் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியில் ரத்து செய்ய வேண்டும்.

* கார்டில் பணம் பிடிப்பதற்கு குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயம். அந்தத் தகவல் வந்ததுமே வேண்டாம் என்று மறுக்கலாம்.

* போன் பேலன்சில் காலர் ட்யூன், ஜோசியம் என்று காசு போனால் 155223 என்ற எண்ணில் கூப்பிட்டு நிறுத்தலாம்.

ரத்து செய்து தருவதாக யாராவது போனில் பேசினால் பின் நம்பர், ஓ.டி.பி. சொல்லவே கூடாது.

கேபிள் பில்லைக் கேளுங்க

2011-ல் அரசு கேபிள் மாதம் ரூ.70 என்று இருந்த காலம் வேறு. 2019 பிப்ரவரி முதல், கட்டண சேனல்களில் நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்து அதற்கு மட்டும் பணம் கட்டலாம் என்று டிராய் விதி வந்தது. ஆனாலும் பலர் ஆபரேட்டர் போட்டுக் கொடுத்த பேக்கேஜுக்கே பணம் கட்டுகிறார்கள். இந்தி, இங்கிலீஷ் சேனல் எத்தனை இருக்கிறது, அதற்கு எவ்வளவு என்று கேட்டால் ஆபரேட்டர் சொல்ல வேண்டும். அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையும் 2024 ஜூலையில் டிராய் எடுத்துவிட்டது. அதனால் பில்லைப் பார்ப்பது இப்போது இன்னும் அவசியம்.

தூர்தர்ஷனின் 'டிடி ஃப்ரீ டிஷ்' வாங்கினால் மாதக் கட்டணமே கிடையாது. ஆனால் கட்டண சேனல்கள் அதில் வராது. சீரியல் பார்க்கும் வீடுகளுக்கு ஒத்து வராது.

இதை நிறுத்தாதீங்க

பாஸ்புக்கில் வருஷத்துக்கு ஒரு தடவை ரூ.20, ரூ.436 என்று பிடித்திருந்தால் அவசரப்பட வேண்டாம். ரூ.20 பிரதமரின் விபத்துக் காப்பீடு. ரூ.436 ஆயுள் காப்பீடு. இரண்டிலும் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம் கிடைக்கும். ஆனால் ஒருவருக்கே இரண்டு வங்கிக் கணக்கில் இருந்து ஒரே திட்டத்துக்கு பணம் பிடித்தால், ஒன்றுக்குத்தான் காப்பீடு உண்டு. இன்னொன்றை நிறுத்தலாம்.

புகார் எங்கே?

எளிதாகச் சேரவிட்டு, வெளியேற முடியாமல் சுற்றவிடும் சந்தா வலையை மத்திய அரசு 2023 நவம்பரில் முறையற்ற வியாபாரத் தந்திரங்களின் பட்டியலில் சேர்த்தது. அப்படி மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். வங்கி மீது புகார் என்றால் முதலில் வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தகவல் எண் 14448. நெல்லை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ரூ.5 லட்சம் வரையான வழக்குக்கு கட்டணம் கிடையாது.

அடுத்த தடவை வங்கிக்குப் போகும்போது பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, மாதா மாதம் ஒரே தொகை எது போகிறது என்று பாருங்கள். எதற்கென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றால், வங்கியில் கேட்டுவிட்டு முதலில் அதை நிறுத்துங்கள்.