ஆடுகிறவருக்கு என்ன வேண்டும்?

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவனிடம் ஜனங்கள் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. "பையன் ராத்திரி பகலா கேம் ஆடுறான் சார், என்ன பண்றது?" என்றும் கேட்கிறார்கள். எல்லோரும் மணிக்கணக்கில்தான் தொடங்குவார்கள்: இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம், லீவு நாளில் அதற்கும் மேல். நான் திருப்பிக் கேட்பது வேறு. அவன் ஆடுவது என்ன கேம்? அதற்குள் போய் அவன் என்ன செய்கிறான்? அநேகமாகப் பதில் வராது.

இப்படிக் கேட்கப் பழகியது 2000-களில், திருச்சி புத்தூர் நால்ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. மணிக்கு 20 ரூபாய். சாயங்காலம் காலேஜ் விட்டால் முக்கால்வாசி சிஸ்டத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஓடும். கீபோர்டுகளில் ஆளை நகர்த்தும் டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நாலு எழுத்து மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். கல்லாவிலிருந்து பார்த்தால் எல்லா முதுகும் ஒன்றுபோலத்தான் தெரியும். திரையைப் பார்த்தால்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் புரியும்.

ஒரு பாலிடெக்னிக் மாணவன் நினைவுக்கு வருகிறான். மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, ஆளில்லாத மேப்பைத் திறந்து, வெறும் சுவரில் சுட்டுக்கொண்டிருப்பான். ஏகே-47 தொடர்ந்து சுட்டால் குறி மேலே ஏறிக்கொண்டே போகும். மவுஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்து அதைச் சமாளிக்க வேண்டும். சுவரில் விழும் குண்டுத் தடங்கள் ஒரே இடத்தில் குவிகிறதா என்று மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்ப்பான். ஒரு மணி நேரம் ஆனதும் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவான். அங்கே வந்தவர்களில் விளையாட்டை அவ்வளவு மதித்தவன் அவன்தான். நேரக் கணக்குப் பார்த்தால் அவன் கடைசியில் நிற்பான்.

அவன் பக்கத்து சீட்டில் உட்காருபவனுக்கு ஜெயிப்பதில் அக்கறையே கிடையாது. கேமுக்குள் சேர்த்த பணத்தில் 4750 டாலர் கொடுத்து ஏடபிள்யூபி துப்பாக்கி வாங்கி, நண்பன் காலடியில் போட்டுவிட்டு, தான் வெறும் பிஸ்டலோடு ஓடுவான். "மாப்ள, எடுத்துக்கடா!" என்ற அவன் சத்தம் தெருவரை கேட்கும். நண்பர்கள் வராத நாளில் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான்.

மூலையில் ஒரு பள்ளிப் பையன். ஆடுவது ஜிடிஏ வைஸ் சிட்டி. மிஷன் எதையும் தொட்டதில்லை. லாங் சைஸ் நோட்டில் சீட் கோடுகளை எழுதி வைத்திருப்பான். 'பேன்சர்' என்று அடித்தால் நடுரோட்டில் டாங்கி வந்து நிற்கும். ஆனால் டாங்கி வைத்து யாரையும் நசுக்க மாட்டான். இந்தப் பாலத்துக்கு அடியில் என்ன, அந்தக் கூரைமேல் எப்படி ஏறுவது, ஊர் எங்கே முடிகிறது? அவனுக்கு அதுதான் கவலை. அந்தக் கேமின் நாயகனுக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரில் விழுந்தால் உயிர் போய்விடும். அதனால் கரையோரமாகவே ஊரைச் சுற்றி வருவான்.

பிறகு, நண்பன் அலறுவதைக் கேட்பதற்கென்றே வருகிறவர்கள். கையில் துப்பாக்கி இருந்தும் பின்னால் பதுங்கிப்போய்க் கத்தியால் குத்துவார்கள். இவர்கள் இரண்டு பேராக இருந்தால் சென்டர் களைகட்டும். நாலு பேர் ஆனால், அரட்டைக்காக வந்த கூட்டம் வேறு இடம் தேடிப் போய்விடும்.

இதையெல்லாம் ஒருவர் முன்பே எழுதி வைத்திருக்கிறார் என்று பின்னால் படித்தபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-ல் ராய் ட்ரப்ஷா 'மட்' என்ற விளையாட்டைத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஆனால் ஒரே உலகத்துக்குள் பல பேர் சேர்ந்து ஆடலாம். ஆட வருகிறவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று மூத்த ஆட்டக்காரர்களிடையே எழுந்த நீண்ட விவாதத்தை வைத்து, 1996-ல் பார்ட்டில் ஒரு கட்டுரை எழுதினார். சாதிக்க வருபவர், துருவித் தேட வருபவர், பழக வருபவர், அடுத்தவரை அடிக்க வருபவர் என்று நான்கு வகை. சீட்டுக்கட்டின் நான்கு ஜாதிகளை அவர்களுக்கு அடையாளமாக வைத்தார். அடிக்கிறவர்கள் பெருகினால் பழக வந்தவர்கள் வெளியேறிவிடுவார்கள் என்பதும் அதில் இருக்கிறது. பலர் சேர்ந்து ஆடும் கேமுக்காக அவர் எழுதியது அது. தனியாக ஆடுகிறவர்களுக்கு அப்படியே பொருந்திவிடாது.

என் சித்தியை எந்த வகையில் சேர்ப்பது? கேண்டி கிரஷ் தவிர வேறு கேம் பெயர் அவருக்குத் தெரியாது. ஐந்து உயிர், ஒன்று போனால் திரும்பி வர அரை மணி நேரம். அந்த அரை மணியில் குழம்பைத் தாளித்துவிட்டு வந்து உட்காருவார். 'நான் எங்கடா கேம் ஆடுறேன், சும்மா நேரம் போகலன்னு' என்பார். ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை. பொழுதுபோக்காக ஆடுபவர், தீவிரமாக ஆடுபவர் என்று இரண்டாகப் பிரிக்கும் பழக்கம் இருக்கிறதே, அது சித்தி மாதிரி ஆட்களிடம் செல்லுபடியாகாது.

தீவிரத்தின் எல்லையைப் பார்க்க வேண்டுமென்றால் டெட்ரிஸ் ஆட்டக்காரர்களைத்தான் பார்க்க வேண்டும். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய விளையாட்டு. 1989-ல் நின்டெண்டோ தன் என்இஎஸ் கருவிக்கு வெளியிட்ட டெட்ரிஸில் 29-வது நிலை வந்தால் கட்டைகள் கொட்டுகிற வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்து அவற்றை ஓரத்துக்குக் கொண்டுபோகவே முடியாது. பல வருடம் அதுதான் முடிவு என்று இருந்தது. பிறகு சிலர் பட்டனை அழுத்திப் பிடிக்காமல் விடுவிடுவென்று தட்டிப் பழகினார்கள். அதற்கும் பிறகு இன்னொரு வித்தை வந்தது: கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் முதுகில் மற்ற விரல்களால் வரிசையாகத் தாளம் போடுவது. பின்னாலிருந்து விழும் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் பட்டன் ஒருமுறை அமுங்கும்.

2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயது வில்லிஸ் கிப்சன் அந்த வித்தையால் 157-வது நிலைக்குப் போய், கேமே உறைந்து நிற்கும்படி செய்தான். அந்த கேமை அந்த இடம்வரை கொண்டுபோன முதல் மனிதன் அவன். எனக்கு இதில் இன்னொரு விஷயம் பெரிதாகப் படுகிறது. எந்த நிலையில் எத்தனை வரியை அழித்தால் கேம் உறையும் என்பதை, அதன் நிரலைப் பிரித்துப் பார்த்த வேறு சிலர் முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். என் மூலை சீட்டுப் பையனின் ஜாதி அவர்கள். அவர்கள் துருவிப் பார்த்ததால்தான் இவனுக்குக் குறி வைக்க ஓர் இடம் கிடைத்தது.

இந்த ஆசைகள் எல்லாம் இன்றைய கேம் கம்பெனிகளுக்கு அத்துப்படி. பிஜிஎம்ஐ என்ற மொபைல் கேமில் பிரான்ஸ், சில்வர், கோல்டு என்று ஏணி ஏறிக்கொண்டே போகலாம். உச்சியில் கான்கரர், அது முதல் 500 பேருக்கு மட்டும். சீசன் முடிந்தால் தரத்தைக் கீழே இறக்கிவிடுவார்கள், மறுபடி ஏற வேண்டும். பாலிடெக்னிக் மாணவனை ஒரு மணி நேரத்தில் எழுந்து போக அந்தப் பழைய கேம் விட்டது. இந்த ஏணி அப்படி விடாது. இதில் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபம் பிள்ளைகள்மேல் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் கேம் ஆடுவதால் வரும் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 முதல் அது நடைமுறையில் உள்ளது. அந்த வரையறையில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியமாகிப்போவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது. இவை வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்கு, பொதுவாக ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்கிறது. அப்படி இருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். போனைப் பிடுங்குவதால் தீராது.

என் அண்ணன் மகன் அந்த நிலையில் இல்லை. "சித்தப்பா, இந்த சீசன்ல கான்கரர் அடிச்சுரணும்" என்பான். ஆனால் பரீட்சை வந்தால் நிறுத்துகிறான், சாயங்காலம் கிரிக்கெட்டுக்கும் போகிறான். வீட்டில் தினமும் சண்டை வந்ததெல்லாம் சாப்பாட்டு நேரத்தில். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எராங்கல் மேப்பில் ஒரு மேட்ச் முழுதாக ஓடினால் அரை மணி நேரம். நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. எழுந்தால் கூட ஆடும் மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள். அண்ணியிடம் இதைச் சொன்னேன். இப்போது குக்கர் வைக்கும்போதே, "அடுத்த மேட்ச் போடாதடா" என்று ஒரு குரல் கொடுத்துவிடுகிறார்.