பேண்ட் வரலைன்னா, வரலைன்னு எழுதுங்க!

புதுச்சேரி கருவடிக்குப்பம். சித்தானந்த சுவாமி கோயில் இருக்கும் இந்தப் பகுதியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் காலாப்பட்டு, அங்கே புதுச்சேரிப் பல்கலைக்கழகம். ஊரின் இன்னொரு பக்கம் ஜிப்மர். அதன் பக்கத்திலேயே கொசு ஆராய்ச்சிக்குப் பெயர்போன ஐ.சி.எம்.ஆர் மையமான வி.சி.ஆர்.சி. சின்ன ஊர்தான். ஆனால், உயிரியல் ஆய்வகங்களுக்குப் பஞ்சமில்லை.

கருவடிக்குப்பத்தில் ஒரு வாடகை மாடியறை. அதில் மூன்றாம் ஆண்டு பி.எச்டி மாணவி ஒருத்தி தங்கியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரவு 11 மணி. லேப்டாப்பில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஆறு வரிசைகளில் ஐந்தில் பட்டை 'நச்'சென்று விழுந்திருக்கிறது. ஆறாவது மட்டும் மங்கல். அவளுக்கு வேண்டியதோ அந்த ஆறாவதுதான்.

காலையில் கைடு கேட்டிருந்தார், "பேப்பர் எப்பம்மா அனுப்பப் போறோம்?" சாயங்காலம் அம்மா போனில் கேட்டார், "இன்னும் எத்தனை வருஷம்டி படிப்ப?" ஃபெல்லோஷிப் முடிய எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணியாகிவிட்டது. அந்த ஒரு பட்டையை போட்டோஷாப்பில் கொஞ்சம் கறுப்பாக்க இரண்டு நிமிடம் போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

தெரிந்துவிடும். பெங்களூரில் தெரிந்தது.

'பிளாட்' என்ற சாட்சி

உயிரியல் ஆய்வகங்களில் இந்தப் படத்துக்கு 'பிளாட்' என்று பெயர். செல்லில் குறிப்பிட்ட ஒரு புரதமோ ஆர்.என்.ஏ-வோ இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ஜெல்லில் ஓடவிட்டு மெல்லிய மெம்பரேனுக்கு மாற்றிப் படம் எடுப்பார்கள். பட்டை அடர்த்தியாக இருந்தால் அதிகம், மங்கலாக இருந்தால் குறைவு. வழக்கில் சாட்சி எப்படியோ, ஆய்வுக் கட்டுரைக்கு இந்தப் படம் அப்படி.

பெங்களூரு என்.சி.பி.எஸ், நாட்டின் முதல் வரிசை உயிரியல் நிறுவனங்களில் ஒன்று. அங்கிருந்து 2020 அக்டோபரில் 'நேச்சர் கெமிக்கல் பயாலஜி' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பாக்டீரியாவில் இருக்கும் ஒருவகை ஆர்.என்.ஏ, இரும்பின் அளவை உணர்ந்து ஜீன்களை இயக்குகிறது என்பது கண்டுபிடிப்பு. பாராட்டு குவிந்தது. பிறகு, கட்டுரையைப் படித்த சிலர் படங்களை உற்றுப் பார்த்தார்கள். வேறு வேறு சோதனை என்று போட்டிருந்த இடங்களில் ஒரே பட்டைகள் திரும்பத் திரும்ப வந்ததுபோல் இருந்தது. நிறுவனம் விசாரித்தது. படங்கள் திருத்தப்பட்டது உறுதியானது. 2021 ஜூன் இறுதியில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

இதில் மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அதே 2020-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஒன்றும், அந்த வகை ஆர்.என்.ஏ இரும்புக்குப் பதில் தருகிறது என்று தனியாகவே எழுதியிருந்தது. ஆக, சொன்ன விஷயத்தின் மையம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால், திருத்திய படங்களை வைத்துச் சொன்னதால் அந்தக் கட்டுரை செல்லாக்காசானது. திருத்தியவர் ஒருவர்தான் என்றது நிறுவனம். பெயரைச் சேர்த்திருந்த எல்லோருடைய உழைப்பும் அதோடு போனது.

இது பெங்களூருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியல் ஆய்வாளர், 40 இதழ்களில் வந்த 20,621 கட்டுரைகளின் படங்களைத் தன் கண்ணாலேயே பார்த்தார். 2016-ல் முடிவை வெளியிட்டார். சுமார் 3.8 சதவிகிதத்தில் படங்கள் சந்தேகத்துக்குரியவை. அவற்றில் பாதிக்காவது வேண்டுமென்றே செய்ததற்கான அறிகுறி இருந்தது. இப்போது பல இதழ்கள் இதற்கென்றே மென்பொருள் வைத்திருக்கின்றன.

எது தப்பு, எது தப்பில்லை?

படத்தில் கையே வைக்கக்கூடாதா என்றால், வைக்கலாம். படம் முழுவதற்கும் ஒரே மாதிரி வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு பட்டைக்கு மட்டும் செய்யக்கூடாது. நடுவில் ஒரு வரிசையை வெட்டி எடுத்தால், வெட்டிய இடத்தில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். போன மாத மெம்பரேனின் 'ஆக்டின்' பட்டையை இந்த மாதச் சோதனைக்குக் கீழே ஒட்டக்கூடாது. இது நிறைய லேப்களில் சோம்பேறித்தனத்தால் நடக்கும் தப்பு.

'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி' இதழ் 2002-லேயே, ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களைச் சோதிக்கத் தொடங்கியது. சுமார் நாலில் ஒரு கட்டுரையில் ஏதாவது ஒரு படத்தையாவது திரும்பச் செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. மோசடி என்று தள்ளப்பட்டவை ஒரு சதவிகிதம்தான். மிச்சமெல்லாம் விதி தெரியாமல் செய்தவை. யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, சீனியர் அக்கா செய்ததைப் பார்த்து ஜூனியர் செய்கிறார். அவ்வளவுதான்.

சந்தேகம் வந்தால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. படத்தில் செய்த மாற்றத்தைக் கட்டுரையின் 'மெத்தட்ஸ்' பகுதியில் அப்படியே எழுத முடியுமா? 'ஆறாவது பட்டையை மட்டும் கறுப்பாக்கினோம்' என்று யாராலும் எழுத முடியாது.

கைடே, "இதை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிடும்மா" என்றால்? நேருக்கு நேர் மறுப்பது நம் ஊரில் நடக்கிற காரியமா? "சார், எதை எப்படி மாத்தணும்னு மெயில்ல சொன்னீங்கன்னா, மெத்தட்ஸ்லயும் எழுதிடறேன்" என்று பணிவாகக் கேட்கலாம். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால், யு.ஜி.சி விதிப்படி ஒவ்வொரு பி.எச்டி மாணவருக்கும் ஆய்வு ஆலோசனைக் குழு இருக்கிறது. அங்கே ஒரிஜினல் படங்களையே போட்டுக் காட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

நோபல் லேபிலும் நோட்டு இல்லை!

பிரான்சிஸ் ஆர்னால்டு, 2018-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர். 2019-ல் அவருடைய குழு 'சயின்ஸ்' இதழில் என்சைம்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதியது. பிறகு செய்து பார்த்தால் அதே முடிவு வரவில்லை. லேப் நோட்டைப் புரட்டினால், முக்கியமான சோதனைகளுக்கு அன்றன்று எழுதிய குறிப்பும் இல்லை, மூலத் தரவும் இல்லை. 2020 ஜனவரி 2 அன்று அவரே ட்விட்டரில் அறிவித்துக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். வேலை நெருக்கடியில் தன் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று மன்னிப்பும் கேட்டார். அவர் மரியாதை ஒன்றும் குறையவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுவுக்கு இணைத் தலைவர்களில் ஒருவரானார்.

எனவே நோட்டு முக்கியம். பக்க எண் போட்ட, தைத்த நோட்டு. பேனாவில், அன்றைக்கே, தேதியோடு. தப்பாக எழுதினால் ஒரே கோட்டில் அடிக்க வேண்டும். ஒயிட்னர் வேண்டாம், கிழிக்கவே வேண்டாம். ஆன்டிபாடி பாட்டிலின் லாட் நம்பரையும் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து 'அன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?' என்று மண்டையை உடைக்கும்போது கைகொடுப்பது அதுதான். மெஷினில் எடுத்த ஒரிஜினல் ஃபைலைத் தொடாமல் லேப் கம்ப்யூட்டரிலும் வெளியிலுமாக இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

எண்ணிக்கையிலும் ஒரு மயக்கம் உண்டு. ஒரே நாள் அரைத்த மாவை மூன்று இட்லித் தட்டில் ஊற்றிவிட்டு, 'மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் பூப்போல வந்தது' என்று சொல்ல முடியுமா? ஒரே நாளில் வளர்த்த செல்களை மூன்று குழியில் போட்டு 'மூன்று சோதனை' என்று எழுதுவதும் அப்படித்தான். மூன்று நாள் தனித்தனியாக அரைத்திருக்க வேண்டும்.

செல் எதுவென்றே தெரியாமல் ஏமாந்தவர்களும் உண்டு. 1951-ல் இறந்த ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்த 'ஹீலா' செல்கள், மற்ற செல்களுக்குள் புகுந்து அவற்றையே விழுங்கிவிடும். கல்லீரல் செல் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் ஹீலாவை ஆராய்ந்திருக்கிறார்கள். இப்படி ஆள்மாறிய செல் வகைகள் 500-க்கும் மேல் பட்டியலில் இருக்கின்றன. சீனியர் அண்ணா விட்டுப்போன குப்பியை நம்பித் தொடங்குவதற்குமுன், எஸ்.டி.ஆர் என்ற மரபணு அடையாளச் சோதனையும் மைகோபிளாஸ்மா சோதனையும் செய்துவிடுங்கள்.

10 சதவிகிதத்தில் சிக்காதது

யு.ஜி.சி 2018-ல் கொண்டுவந்த விதி, தீசிஸில் காப்பியடித்த எழுத்து 10 சதவிகிதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து என்கிறது. எழுத்தை மென்பொருள் பிடித்துவிடும். மாற்றிய பட்டையை அந்த மென்பொருள் கண்டுகொள்ளாது. அமெரிக்காவில் இருப்பதுபோல ஆய்வு மோசடியை விசாரிக்கத் தனி தேசிய அலுவலகமும் நம்மிடம் இல்லை. அந்தந்த நிறுவனமே தன் ஆளை விசாரித்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பிள்ளையை வீட்டுக்காரரே விசாரிப்பதில் இருக்கும் சங்கடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பி.எச்டி வாங்கக் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-ல் யு.ஜி.சி நீக்கியது மட்டும் ஓர் ஆறுதல். ஆனால், வேலைக்குப் போனால் முதல் கேள்வி இன்றும், "எத்தனை பேப்பர்?"

மாடியறைக்குத் திரும்புவோம். அந்தப் பெண் படத்தை அப்படியே தேதி போட்டு சேமிக்கலாம். நோட்டில், 'ஆறாவது லேன் மங்கல். காரணம் தெரியவில்லை' என்று எழுதலாம். மெம்பரேனில் காற்றுக்குமிழி சிக்கியிருக்கலாம். ஆன்டிபாடி பழசாகியிருக்கலாம். அந்தப் புரதமே உண்மையில் குறைவாக இருக்கலாம். அப்படியென்றால் தீசிஸ் வேறு திசையில் போகும். எதுவென்று பார்க்க இன்னும் இரண்டு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆன்டிபாடி ஆர்டர் போட்டால் கைக்கு வர நாளாகும், அதனால் காலையில் லேபுக்குப் போனதும் முதல் வேலையாக அதைச் செய்துவிடுவது நல்லது.