நெருப்பு இல்லாத சிகரெட்: பீடியை விட உதவுமா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கோவை மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது எருத்தேன்பதி. வீட்டில் பேசுவது தமிழ். வரி கட்டுவது கேரளத்துக்கு. எல்லை தாண்டினால் சட்டம் மாறும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். இந்தப் பக்கம் கள் இறக்கலாம். அந்தப் பக்கம் இறக்கினால் வழக்கு. இந்தப் பக்கம் லாட்டரிச் சீட்டு தாராளமாக விற்கலாம். அந்தப் பக்கம் 2003-ஆம் ஆண்டிலிருந்து தடை.

ஆனால் ஒரு பொருளுக்கு மட்டும் இந்த எல்லைக்கோடு இல்லை. கோவைக்குப் போனாலும் சரி, கொழிஞ்சாம்பாறைக்கு வந்தாலும் சரி, அதை விற்பது குற்றம். அதுதான் மின் சிகரெட். இளைஞர்கள் 'வேப்' என்கிறார்கள்.

தடை இருந்தும் அது சட்டைப் பைகளில் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து வருகிறவர் கொண்டுவருகிறார். நகரத்தில் மறைவாக விற்கிறவரிடம் கிடைக்கிறது. வாங்குகிறவர்களில் பலர் சொல்லும் காரணம் ஒன்றே: "பீடியை விடத்தான் இதைப் பிடித்தேன்." இந்தக் காரணம் நியாயமானதா? பீடி போய்விடுகிறதா? தினமும் இதனோடு வாழ்வது எப்படி இருக்கிறது?

உள்ளே இருப்பது என்ன?

பார்ப்பதற்குப் பேனா போலவோ, சிறிய தீப்பெட்டி போலவோ இருக்கும். உள்ளே ஒரு லித்தியம் பாட்டரி. ஒரு சின்னக் கம்பிச்சுருள். அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சில் ஊறிய ஒரு திரவம். வாயில் வைத்து இழுத்தால் பாட்டரி கம்பியைச் சூடாக்கும். திரவம் புகை போல வெளிவரும்.

புகை போல என்றாலும் அது புகை அல்ல. ஏனெனில் எதுவும் எரியவில்லை. நீராவியும் அல்ல. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைச் சரக்கு ஆகியவை கலந்த மிக நுண்ணிய திவலைகள் அவை. பீடியும் சிகரெட்டும் எரியும்போது தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. நுரையீரலையும் இருதயத்தையும் கெடுப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. மின் சிகரெட்டில் எரிப்பு இல்லாததால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஆளைப் பிடித்து வைத்திருக்கும் நிக்கோட்டின் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த யோசனை புதிதல்ல. 1963-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் புகையில்லாச் சிகரெட்டுக்குக் காப்புரிமை கேட்டார். 1965-இல் அது கிடைத்தது. சரக்கு சந்தைக்கு வரவில்லை. சந்தைக்குக் கொண்டுவந்தவர் சீனாவைச் சேர்ந்த மருந்தாளுநர் ஹோன் லிக். அவரும் கடுமையாகப் புகை பிடித்தவர்தான். தாமும் விட வேண்டும் என்றுதான் 2003-இல் இதை உருவாக்கினார். ஆனால் 2015-இல் பேட்டி கண்டவர்களிடம், தாம் கருவி, சிகரெட் இரண்டையுமே பயன்படுத்துவதாக அவர் சொன்னார். கண்டுபிடித்தவரின் கதையே இப்படி!

ஒரு குமாஸ்தாவின் நாள்

எல்லைப்புறத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். இருபது வருஷமாகப் பீடி. காலையில் இருமல். மனைவி திட்டுகிறாள், குழந்தை பக்கத்தில் வர மறுக்கிறது. ஆபீசில் பிடிக்க முடியாது. பொது இடங்களில் புகை பிடிப்பதைக் கேரள உயர்நீதிமன்றம் 1999 ஜூலையிலேயே தடுத்துவிட்டது. நாட்டுக்கே முன்மாதிரியான தீர்ப்பு அது. ஆகவே பீடிக்காரர் சந்து தேடிப் போக வேண்டும்.

இவர் கையில் கருவி வருகிறது. முதல் வாரம் சொர்க்கம்தான். சட்டையில் நாற்றம் இல்லை. விரலில் கறை இல்லை. சாம்பல் தட்ட வேண்டாம்; நெருப்புப் பெட்டி தேட வேண்டாம். காலை இருமல்கூடச் சற்றுக் குறைகிறது. "விட்டுவிட்டேன்" என்று வீட்டில் சொல்கிறார். வீட்டாரும் மகிழ்கிறார்கள்.

இரண்டாம் வாரத்தில் சின்னச் சின்னத் தொல்லைகள் தொடங்குகின்றன. தொண்டை வறள்கிறது; அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது. திரவம் குறைந்து பஞ்சு காய்ந்தால், ஒரே இழுப்பில் கருகிய சுவை வாயெல்லாம் ஏறுகிறது. மத்தியானத்தில் பாட்டரி தீர்ந்துபோகிறது. மின்சாரம் நின்றால் கருவியும் நின்றது. அப்போது கை தானாகப் பெட்டிக்கடைப் பக்கம் போகிறது. ஒரே ஒரு பீடி! இப்படியாகக் கருவியும் பீடியும் சேர்ந்தே நடக்கின்றன. இரண்டையும் வைத்திருப்பவருக்குப் பீடியின் தீங்கும் போகவில்லை. கருவியின் செலவும் சேர்ந்துவிட்டது.

கணக்கு தொலைந்தது

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. அது வெளியே தெரிவதில்லை.

பீடிக்கு ஒரு முடிவு இருக்கிறது. பற்ற வைத்தால் சில நிமிஷத்தில் தீர்ந்து விரலைச் சுடும். கீழே போட வேண்டும். கட்டில் எத்தனை மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரியும். "நாளைக்குப் பத்து, அடுத்த வாரம் எட்டு" என்று குறைக்க நினைப்பவருக்கு எண்ணுவதற்கு ஏதோ ஒன்று கையில் இருக்கிறது.

கருவிக்கு முடிவே இல்லை. மேஜைக்கு அடியில் ஓர் இழுப்பு. கழிவறையில் இரண்டு. பஸ் நிறுத்தத்தில் மூன்று. படுக்கையில் போர்வைக்குள் இன்னொன்று. பீடி பிடித்த காலத்தில் தூக்கத்தின் நடுவே எழுந்து பற்ற வைக்காதவர்கூட, தலையணைக்கு அடியில் இருக்கும் கருவியை அரைத் தூக்கத்தில் இழுக்கிறார். நாளைக்கு எத்தனை இழுப்பு என்று கேட்டால் பதில் வராது.

எண்ணத் தெரியாததற்கு மற்றொரு காரணம், திரவத்தின் காட்டம். ஒரு சிகரெட் பிடித்தால் உடம்பில் சேரும் நிக்கோட்டின் சுமார் 1 முதல் 1.5 மில்லிகிராம். பிரிட்டனில் சட்டப்படி விற்கும் திரவத்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. '5 சதவீதம்' என்று அச்சிட்டு வரும் சரக்கிலோ ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம். இரண்டு மில்லி தீர்ந்தால் கருவியில் இருந்தது 100 மில்லிகிராம். அத்தனையும் உடம்பில் ஏறாது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு ஏறியது என்று பிடிப்பவருக்குத் தெரிய வழியில்லை என்பதும் உண்மை.

இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். குறையும்போது எரிச்சல், பதற்றம், கவனமின்மை. பீடிக்காரர் அடுத்த இடைவேளை வரை அதைத் தாங்கப் பழகியவர். கருவிக்காரருக்கு அந்தப் பழக்கமும் போய்விடுகிறது. குறைய விடுவதே இல்லையே!

லண்டன் சொல்வதும் டில்லி சொல்வதும்

உலகில் இது பற்றி ஒரே கருத்து கிடையாது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015-இல், சிகரெட்டைவிட இது சுமார் 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்று கூறியது. அந்தக் கணக்கை ஏற்காத நிபுணர்களும் உண்டு. ஆனாலும் அந்த நாட்டு மருத்துவர்கள், சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்கிறார்கள்.

அங்கே 886 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2019-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு மின் சிகரெட். மற்றவர்களுக்கு நிக்கோட்டின் சூயிங்கம், பட்டை போன்றவை. இரு சாராருக்கும் வாரந்தோறும் ஆலோசனையும் உண்டு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, சிகரெட்டை விட்டிருந்தவர்கள் முதல் பிரிவில் 18 சதவீதம். இரண்டாம் பிரிவில் 9.9 சதவீதம். கருவிக்கு வெற்றிதான்.

ஆனால் அதே சோதனையில் மற்றொரு கணக்கும் இருக்கிறது. கருவியால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர், ஒரு வருஷம் ஆன பிறகும் கருவியை விடவில்லை. சூயிங்கம் முதலியவற்றால் விட்டவர்களில் அவற்றைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். சிகரெட் போனது, நிக்கோட்டின் போகவில்லை என்பதே இதன் பொருள்.

டில்லி வேறு வழியில் போனது. புகையே தொடாத பள்ளிப் பிள்ளைகள் பழவாசனைக்கு மயங்கி இதில் விழுவார்கள் என்பது அரசின் அச்சம். தமிழகம் 2018-இல் தடை விதித்தது; கேரளமும் மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே தடுத்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, கொண்டு செல்லுதல், விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவை பிடிபட்டால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் மூன்று வருஷம் வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சரக்கைச் சேமித்து வைப்பதற்கும் தண்டனை உண்டு.

யாரிடம் கேட்பது?

தடை சரியா, தவறா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். தினமும் பிடிப்பவருக்கு அதனால் வரும் நிலைமை வேறு. லண்டனில் வாங்குகிறவருக்குத் திரவத்தில் என்ன இருக்கிறது என்று சட்டம் உத்தரவாதம் தருகிறது. இங்கே மறைவாக வாங்குகிறவருக்கு உறையில் அச்சிட்டதுதான் சாட்சி. அந்த உறையே போலியாக இருக்கலாம். கருவி சூடேறி வெடித்தால் புகார் கொடுக்கக் கடை இல்லை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் 2019-இல் கருவி பிடித்தவர்களுக்குத் திடீரென நுரையீரல் பாதிப்பு வந்தது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தோ இறந்தோ கணக்கில் வந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் காரணம், கஞ்சாச் சத்து அடங்கிய திரவத்தில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட். சாதாரண நிக்கோட்டின் திரவம் அல்ல. ஆனால் அந்தத் திரவங்களில் பெரும்பாலானவை கடையில் வாங்கியவை அல்ல. கை மாறி வந்தவை. பாடம் அதில்தான் இருக்கிறது.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. இந்தத் திரவம் விஷம். பழவாசனை வேறு. குழந்தை வாயில் விட்டால் உயிருக்கே ஆபத்து.

சிங்கப்பூர் போகிறவர்கள் கவனிக்க

வெளிநாட்டு வேலைக்குப் போகும் நம்மவர்கள் இதைப் பெட்டியில் வைத்து விமானம் ஏறக் கூடாது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் பிடிப்பதும் குற்றம். 2025 செப்டம்பரில் தண்டனைகள் மேலும் கடுமையாயின. மீண்டும் மீண்டும் பிடிபடும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வேலை அனுமதியே பறிபோகலாம். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துப் போன இடத்தில், ஓர் இழுப்புக்காகப் பிழைப்பை இழப்பதா?

முடிவு உள்ள வழி

கேரளத்தில் 2009-10-இல் வயது வந்தவர்களில் 21.4 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தினார்கள். 2016-17-இல் அது 12.7 சதவீதமாக இறங்கியது. தமிழகத்தில் அதே காலத்தில் 16.2-லிருந்து 20 சதவீதமாக ஏறியது. விட முடியாதது என்று ஒன்று இல்லை என்பதற்கு மலையாள மண்ணே சாட்சி.

1800-11-2356 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தால் காசு இல்லை. புகையிலை விட நினைப்பவர்களுக்கான மத்திய அரசின் உதவி எண் இது. பெங்களூர் நிம்ஹான்சில் உள்ள பிரிவு தென்னிந்திய மொழிகளில் பேசுகிறது, தமிழிலேயே கேட்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் ஆலோசனை கிடைக்கும்.

மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். மிட்டாய் போல மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் போனால் மறுபடி மெல்ல வேண்டும். ஒன்று அரை மணி வரும். டீ, காப்பி குடித்துக் கால் மணி நேரம் கழித்தே வாயில் போட வேண்டும். சுமார் மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டே தொட வேண்டும்.

இந்த வழியில் காலை எட்டு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று என்று கணக்கு மறுபடி கைக்கு வருகிறது. முதல் மூன்று நாள்தான் கடினம். மூன்று நான்கு வாரத்தில் தவிப்பு தணிந்துவிடும்.

ஏற்கெனவே கருவி பிடிப்பவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பீடிக்குத் திரும்புவது புத்திசாலித்தனம் அல்ல. எரியும் புகைதான் அதிகம் கொல்லும். அவர் முதலில் செய்ய வேண்டியது, ஒரு நாள் முழுக்க எத்தனை இழுப்பு என்று காகிதத்தில் கோடு போட்டு எண்ணுவது. இரவில் அந்தக் காகிதத்தைப் பார்த்தால் போதும். அடுத்த நாள் காலையில் அந்த இலவச எண்ணுக்கு அவரே போன் செய்வார்.