கோகா நூலக மென்பொருளில் வார்ப்புருக்களைத் தமிழாக்கல்

கோகா என்பது நூலகங்களின் இரவல், நூற்பட்டியல், உறுப்பினர் பதிவு ஆகியவற்றைக் கையாளும் கட்டற்ற மென்பொருள் ஆகும். நியூசிலாந்தின் ஹொரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999 இல் உருவாக்கப்பட்டு, 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் கோகா என்றால் அன்பளிப்பு என்று பொருள். இந்தியாவிலும் பல நூலகங்கள் இதைப் பயன்படுத்துகின்றன.

வார்ப்புரு

வாசகர் திரையில் காணும் பக்கத்தின் அச்சு வார்ப்புரு எனப்படும். தலைப்பு, பொத்தான், தேடல் பெட்டி முதலியவை அதில் நிலையாக இருக்கும். நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் தரவுத்தளத்திலிருந்து வந்து நிரம்பும். வார்ப்புருக் கோப்பை நேரடியாகத் திருத்தினால், அடுத்த பதிப்பை நிறுவும்போது திருத்தங்கள் அழிந்துவிடும். எனவே நிறம், எழுத்துரு, முகப்புச் செய்தி போன்றவற்றை நிர்வாகப் பகுதியிலுள்ள சி.எஸ்.எஸ்., எச்.டி.எம்.எல். அமைப்புகள் வழியாக மாற்றுவதே முறை.

மொழிபெயர்ப்பு

வார்ப்புருவிலுள்ள ஆங்கிலத் தொடர்கள் பி.ஓ. என்னும் கோப்புகளில் தனியே தொகுக்கப்படுகின்றன. ஒவ்வொரு தொடரின் கீழும் தமிழ்த் தொடர் எழுதப்படும். பின்னர் மொழியை நிறுவும் கட்டளையை இயக்கினால் தமிழ் வார்ப்புருக்கள் உருவாகும். மொழிபெயர்க்கப்படாத தொடர்கள் ஆங்கிலத்திலேயே தோன்றும்.

இதில் கவனம் தேவை. 'ஃபைன்' என்பது இங்கே 'நன்று' அன்று, 'தண்டத்தொகை'. 'ஹோல்ட்' என்பது 'பிடி' அன்று, 'முன்பதிவு'. ஆங்கிலத்தில் ஆசிரியர் பெயருக்கு முன்னால் 'பை' என்ற சொல் வரும். அதை 'ஆல்' என்று பெயர்த்தால் 'ஆல் புதுமைப்பித்தன்' என்று திரையில் தோன்றும். 'ஆசிரியர்:' என்று எழுதினால் சிக்கல் தீரும். தொடரின் நடுவே வரும் விழுக்காட்டுக் குறிகள் தரவு வந்து அமரும் இடங்கள். அவற்றை நீக்கக் கூடாது.

தரவும் உள்ளூர்ச் சொல்லும்

பொத்தான்கள் தமிழானால் மட்டும் நூலகம் தமிழாகிவிடாது. வார்ப்புருவைப் பெயர்ப்பதால் நூற்பதிவுகள் மாறுவதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரியை எடுத்துக்கொள்வோம். யார், எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பங்கிடும் வழக்கத்தை அங்குள்ள மீனவர்கள் 'பாடு' என்பர். இது பற்றி ஆய்வுகள் ஆங்கிலத்தில் வந்துள்ளன. அத்தகைய நூலுக்கு ஆங்கிலப் பொருள் தலைப்பு மட்டும் இடப்பட்டிருந்தால், 'பாடு' என்று தேடும் மீனவக் குடும்பத்து மாணவருக்குத் தன் ஊரைப் பற்றிய நூலே கிடைக்காது. மார்க் பதிவின் 653 ஆம் புலத்தில் கட்டுப்பாடற்ற குறிச்சொற்களைச் சேர்க்கலாம். அங்கே 'பாடு', 'பழவேற்காடு' என்று இட்டால் தேடலில் அகப்படும்.

எழுத்துக் குறியாக்கம்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பதிவுகளை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். யூனிகோடிலும் 'கொ' போன்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவோ, இரு குறியீடுகளாகவோ எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. எல்லாப் பதிவுகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது நல்லது. ஜீப்ரா தேடுபொறியைப் பயன்படுத்துவோர், தமிழ் உள்ளிட்ட பிற எழுத்துமுறைகளுக்கு ஐ.சி.யு. அட்டவணை முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிறு நூலகங்கள் எல்லாத் தொடர்களையும் ஒரே மூச்சில் பெயர்க்க வேண்டியதில்லை. வாசகர் பார்க்கும் தேடல், இரவல், முன்பதிவுப் பக்கங்களை முதலில் முடித்து, ஊர் மக்களிடம் காட்டிச் சொற்களைச் சரிபார்ப்பது நடைமுறைக்கு ஏற்றது.